தரை கெடாமல் காய்ந்த பெயின்ட் கறையை எடுக்கும் முறை

தைப்பொங்கல், நத்தார், நோன்புப் பெருநாள், வீட்டுக் கல்யாணம் என்று ஏதாவதொன்று நெருங்கும்போதுதான் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வீடுகளுக்குப் பெரும்பாலும் பெயின்ட் அடிக்கப்படுகிறது. வேலை அவசரமாக நடப்பதால் தரையை மூடிவைக்க யாரும் மினக்கெடுவதில்லை. பெயின்ட் அடித்தவர்கள் போன பிறகுதான் சுவரோரங்களிலும் கதவடியிலும் காய்ந்து கிடக்கும் துளிகள் கண்ணில் படுகின்றன. உடனே சிலர் தின்னர் போத்தலை எடுக்கிறார்கள், சிலர் கத்தியால் சுரண்டத் தொடங்குகிறார்கள். கறையை நாளைக்கும் எடுக்கலாம், ஆனால் கீறிய தரையைப் பழையபடி ஆக்குவது மிகவும் கடினம். ஆகவே எது சிந்தியிருக்கிறது, எதன்மேல் சிந்தியிருக்கிறது என்ற இரண்டையும் அறிந்துகொண்ட பிறகே கறையில் கைவைக்க வேண்டும்.

சுவருக்கு அடிக்கும் எமல்சன் தண்ணீரில் கலக்கப்படுவது. தண்ணீர் ஆவியானதும் அதிலுள்ள பிசின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடுவதால், காய்ந்த பின் அது தண்ணீரில் கரையாது. இருந்தாலும் சுடுநீரில் ஊறினால் இளகும். கதவு, ஜன்னல், கிறில் ஆகியவற்றுக்கு அடிக்கும் எனமல் அப்படிப்பட்டதல்ல. அது காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து நாள்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். மண்ணெண்ணெயும் டர்பன்டைனும் ஈரமான எனமலை நன்றாக எடுப்பதும், இறுகிய எனமலின்மேல் ஏறக்குறைய பயனற்றுப்போவதும் இதனால்தான். எது என்று சந்தேகமாக இருந்தால், பார்மசியில் வாங்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துக் கறையின்மேல் ஒரு நிமிடம் தேய்த்துப் பாருங்கள். நிறம் பஞ்சில் ஏறிக் கறை பிசுபிசுத்தால் அது எமல்சன், அசையாமல் கிடந்தால் பெரும்பாலும் எனமல். தொட்டால் வெள்ளைத் தூளாக வருவது சுண்ணாம்பு. அதைத் தண்ணீரும் தும்புத் துண்டும் கொண்டு தேய்த்தாலே போதும்.

பளபளப்பான டைல் தரையில் வேலை எளிது. கண்ணாடி போன்ற அதன் மேற்பூச்சுக்குள் பெயின்ட் இறங்குவதில்லை, மேலே ஒட்டிக்கொண்டு மட்டுமே இருக்கும். சவர்க்காரம் கலந்த சுடுநீரில் பழந்துணியை நனைத்துக் கறையின்மேல் பதினைந்து, இருபது நிமிடம் போட்டுவையுங்கள். பிறகு பிளாஸ்டிக் தகட்டாலோ பழைய வங்கி அட்டையாலோ தள்ளினால் எமல்சன் தோல்போல உரிந்து வரும். வராத இடத்தில் புதிய சவர பிளேட்டைத் தரையோடு ஏறக்குறைய படுக்கவைத்து, ஈரம் காயாமல், ஒரே திசையில் தள்ள வேண்டும். பிளேட்டை நிமிர்த்திப் பிடித்தாலும், துருப்பிடித்த பிளேட்டைப் பயன்படுத்தினாலும் கீறல் விழும். தொடங்குமுன் தரையை நன்றாகக் கூட்டிவிடுங்கள். நமது கரையோர வீடுகளுக்குள் எப்போதும் மணல் வந்துகொண்டே இருக்கும், துணிக்கடியில் அகப்படும் ஒரு மணல் பருக்கையே டைலைக் கீறப் போதுமானது. விறாந்தைக்குப் போடும் சொரசொரப்பான டைலிலும், டைல்களுக்கு இடையிலுள்ள சீமெந்துக் கோடுகளிலும் பிளேட் வேண்டாம். அங்கே ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் தூரிகையால் தேய்ப்பதே சரி.

என் அக்கறையெல்லாம் சிவப்புச் சீமெந்துத் தரையைப் பற்றியது. பழைய வீடுகளில் மேசன்மார் கைவலிக்கத் தேய்த்து வழுவழுப்பாக்கிய அந்தச் சிவப்பு மெல்லிய மேற்படை மட்டுமே, அதன் கீழே இருப்பது சாதாரணச் சாம்பல் நிறச் சீமெந்துதான். அதனால் இந்தத் தரையில் இரும்புக் கம்பளி, சாண்ட்பேப்பர், கிறைண்டர் எதையும் வைக்காதீர்கள். மலசலகூடம் கழுவும் அசிட்டை ஊற்றும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது பெயின்டைத் தொடாது, சீமெந்தைத்தான் அரிக்கும், அரித்த இடம் காலம் முழுவதும் சொரசொரப்பாகவே இருக்கும். வினாகிரியும் தேசிக்காய்ப் புளியும் வலிமை குறைந்தவையே தவிர, அவை செய்வதும் அதே வேலைதான்.

சிவப்புத் தரையில் எமல்சன் துளியைச் சுடுநீரில் ஊறவைத்து மரத்துண்டால் தள்ளிப் பார்த்து, மிஞ்சியதற்கு ஸ்பிரிட்டைப் பயன்படுத்தலாம். எனமலுக்குத் தின்னர் தேவைப்படும். அலுமாரிக்கு அடியிலோ கதவுக்குப் பின்னாலோ கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் தொட்டுப் பார்த்துவிட்டு, சிறிய துணியை மடித்து நனைத்துக் கறையின் அளவுக்கு மட்டும் வைத்து, மேலே பொலித்தீன் துண்டால் மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். பெயின்ட் சுருங்கி எழும்பியதும் மரத்துண்டால் வழித்தெடுத்து, உடனே சுத்தமான துணியால் ஒற்றுங்கள். வட்டமாகத் தேய்த்தால் கரைந்த பெயின்ட் நுண்துளைகளுக்குள் பரவிவிடும். ஆண்டாண்டாக ஏறிய மெழுகும் தின்னரோடு போய்விடுவதால் அந்த இடம் மங்கித் தெரியும். அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. சவர்க்கார நீரால் துடைத்து, ஒரு நாள் உலரவிட்டு, சிவப்புத் தரைப் பொலிஷை மெல்லியதாக இரண்டு முறை பூசித் துணியால் மினுக்கினால் அது மற்ற இடத்தோடு சேர்ந்துவிடும்.

வெறும் சாம்பல் சீமெந்துத் தரையில் பெயின்ட் உள்ளே உறிஞ்சப்பட்டிருக்கும், மேலே வழித்தாலும் நிழல்போல ஒரு கறை மிஞ்சும். அதற்குச் சோக்குத் தூளையோ முகப்பவுடரையோ தின்னரில் ரொட்டி மாவின் பதத்தில் குழைத்து, கறையின்மேல் விரல் தடிப்புக்கு அப்பி, பொலித்தீனால் மூடி ஓரிரவு வைக்க வேண்டும். காலையில் மூடியை எடுத்துவிட்டால் தின்னர் ஆவியாகும்போது கரைந்த நிறம் தூளுக்குள் ஏறிவிடும். ஆழமான கறைக்கு இதையே திரும்பச் செய்ய நேரும். தரையில் விரிக்கும் பிளாஸ்டிக் கார்ப்பட்டில் தின்னரே கூடாது, அது உருகிப்போகும்.

தின்னர் ஆவி தீப்பிடிக்கக் கூடியது, காற்றைவிடக் கனமானதால் தரையோடு பரவும். சமையலறை அடுப்பு, சாமியறை விளக்கு, நுளம்புத்திரி எல்லாவற்றையும் அணைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்தே வேலை செய்ய வேண்டும். மழைக்காக வீட்டை அடைத்து வைத்திருக்கும் கார்த்திகை, மார்கழியில் இந்த வேலையைத் தள்ளிப்போட்டு, கச்சான் காற்று எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் வெயில் நாட்களில் செய்வது நல்லது. தின்னரை மெல்லிய பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றினால் கோப்பை கரையக்கூடும், தகரத்திலோ கண்ணாடியிலோ ஊற்றுங்கள். கடையில் பெயின்ட் ரிமூவர் வாங்குவதானால், மெதிலீன் குளோரைட் அடங்கியதைத் தவிர்த்துவிடுங்கள். மூடிய அறைக்குள் அதன் ஆவி உயிரையே பறித்திருப்பதால், அமெரிக்கா 2019இல் பொதுமக்களுக்கு அதை விற்பதைத் தடைசெய்தது.

பழைய கறைகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இலங்கையில் பெயின்டிலுள்ள ஈயத்துக்கு வரம்பு விதிக்கும் ஒழுங்குவிதிகள் 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முற்பட்ட எனமல் துளிகளை உலர்ந்த நிலையில் சுரண்டினால் எழும் தூசு, தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைக்கே முதலில் போய்ச் சேரும். எப்போதும் ஈரமாக்கியே எடுங்கள். முடிந்ததும் தும்புத்தடியால் கூட்டாமல், ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிடுங்கள்.

மிஞ்சிய தின்னரைக் கிணற்றடியிலோ வாவிக்கரையிலோ ஊற்றக் கூடாது. வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரை மணல் நிலத்தில் கிணறுகள் ஆழமற்றவை, மேலே ஊற்றுவது விரைவாகவே குடிநீருக்குள் இறங்கிவிடும். போத்தலை இறுக மூடி அடுத்த தேவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த துணிகளைச் சுருட்டிக் குவிக்காமல், நெருப்பும் பிள்ளைகளும் அணுகாத வெளியிடத்தில் தனித்தனியே விரித்து முற்றாகக் காயவைத்த பிறகு குப்பை வண்டியில் போடுங்கள்.