பவளத்துக்குப் பக்கத்தில் எந்தக் கல்?

மணி கோர்க்கக் கற்றுக்கொண்ட இரண்டாம் வருடம் என் அத்தைக்கு ஒரு மாலை செய்து கொடுத்தேன். மூன்று சிவப்புப் பவளம், ஒரு வெள்ளை முத்து, மறுபடி மூன்று பவளம். நானே அசந்து போகும்படி வந்திருந்தது. நான்கு மாதம் கழித்து அத்தை அதைக் கழற்றி என் முன்னால் வைத்தார். "முத்துக்கெல்லாம் வெட்கம் வந்துடுச்சு, பாரு" என்றார். ஒவ்வொரு முத்தும் துளையோரத்தில் ரோஜா நிறமாகியிருந்தது. நூலும் சிவப்பு. வியர்வை பட்டுப் பட்டுச் சாயம் இறங்கியிருக்கிறது. நல்ல சிவப்புப் பவளம் என்று நம்பி நான் வாங்கியது சாயமேற்றிய மூங்கில் பவளம். மூங்கில் போலக் கணு வைத்து வளரும் வேறொரு மலிவான கடல் பவளம் அது.

அதற்கப்புறம் நான் வேலை செய்யும் வரிசையே மாறிப்போனது. பவளத்துக்கு ஜோடி தேடுபவர்கள் பெரும்பாலும் நிறத்தில்தான் தொடங்குவார்கள். நான் நிறத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். பவளம் நிஜமா என்று முதலில் பார்ப்பேன். பக்கத்தில் வரும் கல் அதை உரசிக் கெடுக்குமா என்பது அடுத்தது. இரண்டும் சரி என்றால்தான் நிறம்.

பவளத்தைப் பேச்சுக்குத்தான் கல் என்கிறோம். கடலடிப் பாறையில் ஒட்டி வாழும் சின்னஞ்சிறு உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து கட்டிக்கொள்ளும் தண்டு அது. பொருள் என்று பார்த்தால் கால்சியம் கார்பனேட், முட்டை ஓட்டில் இருப்பதே. சிவப்பைத் தருவது கரோட்டினாய்டு, அதாவது காரட்டுக்கு நிறம் கொடுக்கும் குடும்பம். மத்தியதரைக் கடலின் சிவப்புப் பவளம் ஆண்டுக்குக் கால் மில்லிமீட்டரிலிருந்து மூன்றில் ஒரு மில்லிமீட்டர்தான் பருக்கும். 8 மி.மீ. மணி ஒன்றைக் கையில் எடுத்தால், அந்தக் கிளை அவ்வளவு தடிமனாக ஏறத்தாழ முப்பது வருடம் பிடித்திருக்கும். நல்ல பவளம் ஏன் இவ்வளவு விலை என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

சரி, நிஜமா என்று எப்படிப் பார்ப்பது? பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று போதும். பவள மணியின் மேல் நீளவாக்கில் மெல்லிய இணைகோடுகள் ஓடும், ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில், மர ரேகை மாதிரி. மூங்கில் பவளத்திலும் கோடு உண்டு, ஆனால் அது அகலமாக, முரடாக இருக்கும். அதைவிட நம்பகமான இடம் துளை. சாயம் போட்டிருந்தால் துளைக்குள்ளும் கீறல்களிலும் நிறம் தேங்கி அடர்ந்து நிற்கும். கண்ணாடி மணியில் உள்ளே குமிழி தெரியும், துளை ஓரத்தில் சிப்பி போலச் சில்லு பெயர்ந்திருக்கும். பிளாஸ்டிக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும், அவ்வளவு லேசு.

அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு, துளை ஓரத்தில் ஒரு மணியில் மட்டும் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு சிவந்தால் சாயம்தான். சிவக்கவில்லை என்பதற்காக முழுசாக நம்பிவிடவும் கூடாது. மேலே பூச்சுப் போட்டு மூடியிருந்தால் சாயம் வெளியே வராது. அமிலம் ஒரு சொட்டு விட்டு நுரைக்கிறதா என்று பார்க்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். நிஜப் பவளம் நுரைக்கும், மூங்கில் பவளமும் நுரைக்கும், இரண்டுமே கால்சியம் கார்பனேட் ஆயிற்றே. பளபளப்பு போனதுதான் மிச்சம்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். ஜப்பான் பக்கத்துக் கடலில் கிடைக்கும் அடர் சிவப்பு 'அகா' வகையில் பின்புறம் வெள்ளைத் திட்டு இருக்கும். கிளையின் நடுத்தண்டு அது. அதைப் பார்த்துப் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம். அந்தப் பக்கம் உடம்பில் படும்படி பதித்தால் தீர்ந்தது.

அடுத்தது உரசல். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்வது மோஸ் அளவு. எண் கூடின கல் குறைந்ததைக் கீறும். அதில் பவளத்தின் கடினம் 3 முதல் 4. முத்தும் கிட்டத்தட்ட அதே. நவரத்தினத்தில் கடலில் பிறந்தவை இந்த இரண்டுதான், ஒன்றையொன்று கெடுக்காமல் பக்கத்தில் இருப்பவையும் இவைதான். நீலப்பச்சை டர்க்காய்ஸும் அடர்நீல லாபிஸ் லாசுலியும் 5-லிருந்து 6-க்குள். கவனமாக இருந்தால் ஒத்துப்போகும். ஓனிக்ஸ், ஜேட், ஸ்படிகம் எல்லாம் 6-லிருந்து 7 வரை. மரகதம் ஏழரைக்கு மேல், மாணிக்கமும் நீலமும் 9, வைரம் 10. சாதாரணத் தூசியிலேயே 7 கடினமுள்ள மணல் துகள் இருக்கிறது. தூசி படிந்த பவளத்தைக் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தாலே கீறும் என்றால், பட்டை தீட்டிய கல்லின் விளிம்பு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு முறை பவள மோதிரத்தையும் வைரத்தோட்டையும் ஒரே சுருக்குப்பையில் போட்டுப் பயணம் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பவளத்தின் மேல் யாரோ ஊசியால் கோலம் போட்டது போல இருந்தது.

அதற்காக வைரமே சேர்க்கக் கூடாது என்றில்லை. 1920-களில் பாரிஸ் நகை நிறுவனம் கார்ட்டியேர் செய்த நகைகளில் பவளம், கறுப்பு ஓனிக்ஸ், வைரம் மூன்றும் ஒன்றாக வரும். அங்கே ஒவ்வொரு கல்லும் உலோகத்தில் தனித்தனியே பதிந்திருக்கும், நகர்ந்து மோதாது. பதித்த நகைக்கு ஒரு நியாயம், நூலில் ஆடும் மணிக்கு ஒரு நியாயம். பட்டை தீட்டிய கடினமான கல் எதையும் நான் நூலில் பவளத்தை ஒட்டிக் கோர்க்க மாட்டேன். உருட்டி வழவழப்பாக்கிய மணி என்றால் சரி, அதுவும் நடுவில் முடிச்சோ சின்னத் தங்க மணியோ போட்டுத்தான்.

இப்போது நிறத்துக்கு வரலாம். பவளம் ஒளி புகாதது. வெளிச்சம் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். மாணிக்கத்திலும் கார்னெட்டிலும் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மாணிக்கம் எரியும், பவளம் பெயின்ட் அடித்த மரமாகத் தெரியும். கார்னீலியன் இன்னும் மோசம். நிறம் அவ்வளவு நெருக்கம் என்பதால் பார்ப்பவர் எது எதன் போலி என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். சிவப்போடு சிவப்பு வேண்டாம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் உண்டு, அவர்கள் செய்ததை நான் பார்த்துமிருக்கிறேன், இன்னும் மனசு மாறவில்லை.

தன்னைப் போலவே ஒளி புகாத, மங்கிய மினுக்கம் உள்ள கல்லோடுதான் பவளம் நன்றாகப் பேசுகிறது. திபெத்திய நகைகளில் பவளமும் டர்க்காய்ஸும் இணைபிரியாதவை. பல ஆயிரம் மைல் தள்ளி, அமெரிக்கத் தென்மேற்கின் நவஹோ, ஜூனி பழங்குடி மக்களும் வெள்ளியில் இதே இரண்டைத்தான் சேர்க்கிறார்கள். இரண்டு மலைநாட்டுக்கும் பவளம் கடல் கடந்து வணிகத்தில் வந்த பொருள். ஒருவரையொருவர் பார்த்துச் செய்ததில்லை, கண்ணுக்குப் பிடித்ததைச் செய்தார்கள். சிவப்புக்கு நேரெதிர் அந்த நீலப்பச்சை. பவளம் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்திருந்தால் இந்த ஜோடி இன்னும் தூக்கும். நீலம் கலந்த அடர் சிவப்பு என்றால் நான் லாபிஸுக்குப் போவேன். அதில் தெறித்திருக்கும் பொன்னிற பைரைட் பொட்டுகள் தங்கக் கொக்கியோடு தானாகச் சேர்ந்துகொள்ளும்.

இளம் ரோஜா நிறப் பவளம் தனிக் கதை. அதற்குச் சத்தமான துணை ஆகாது. சாம்பல் முத்து, நிலாக்கல், வெளிர் நீல அக்வாமரின் போதும். கறுப்பு ஓனிக்ஸை வைத்தால் ரோஜா நிறம் வெளுத்துப்போய் நிற்கும்.

அளவில்தான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று என்று மாறி மாறிக் கோர்த்தால் குழந்தைகளின் மணிச்சட்டம் போல ஆகிவிடும். யாராவது ஒருவர் வீட்டுக்காரர், மற்றவர் விருந்தாளி என்று இருக்க வேண்டும். நான் அடிக்கடி செய்யும் ஒரு வரிசையைச் சொல்கிறேன். 6 மி.மீ. பவளம் 48, 8 மி.மீ. லாபிஸ் 7, 2 மி.மீ. தங்க மணி 14. ஒரு லாபிஸ் நடுவில். அங்கிருந்து இருபுறமும் 4 பவளம், லாபிஸ், 5 பவளம், லாபிஸ், 6 பவளம், லாபிஸ், கடைசியாக 9 பவளம். ஒவ்வொரு லாபிஸுக்கும் இரு பக்கமும் ஒட்டினாற்போல் ஒரு தங்க மணி. அதுதான் காவல், லாபிஸ் பவளத்தைத் தொடவே தொடாது. பவளத்துக்குப் பவளம் நடுவே ஒரு முடிச்சு. கொக்கியோடு சேர்த்து ஏறத்தாழ 44 செ.மீ. வரும். நீலம் முன்பக்கம் நெருங்கியும் கழுத்துக்குப் பின்னால் விலகியும் போவதால் கண் தானாக நடுவுக்கு வரும்.

கோர்ப்பதற்கு முன் மணிகளைச் சாம்பல் நிறத் துணியில் பகல் வெளிச்சத்தில் அடுக்குங்கள். வெள்ளைத் துணி சிவப்பை மிகைப்படுத்திக் காட்டும். மூன்றடி தள்ளி நின்று கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எந்த மணியாவது தனியாகக் குதித்துத் தெரிந்தால் அதை எடுத்துவிடுங்கள். பட்டு நூலை இரட்டை இழையாகப் போட்டு, முடிச்சைக் கூர்மையான ட்வீசரால் மணியை ஒட்டித் தள்ளி இறுக்க வேண்டும். முடிச்சுக்கும் மணிக்கும் நடுவே வெள்ளையாக நூல் தெரிந்தால் பிரித்து மறுபடி போட வேண்டியதுதான். எனக்குக் கை பழக ஆறேழு மாலை ஆனது.

பதிக்கக் கொடுப்பதாக இருந்தால் கல்லைச் சுற்றி உலோக விளிம்பை மடித்துப் பதிக்கச் சொல்லுங்கள். கம்பிக் கால்கள் இறுக்கும்போது பவளத்தின் ஓரம் பெயரும். பற்றவைப்பு வேலை எல்லாம் முடிந்த பிறகே கல் உள்ளே போக வேண்டும், சூடு ஆகவே ஆகாது. அல்ட்ராசோனிக் கழுவலும் நீராவியும் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வாங்கினால் எந்த இனம் என்று எழுதி வாங்கிவையுங்கள். அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் சைட்டீஸ். பசிபிக் கடலின் நான்கு பவள இனங்களைச் சீனா 2008-இல் அதன் மூன்றாம் பட்டியலில் சேர்த்தது. அவை எல்லை தாண்டும்போது காகிதம் கேட்பார்கள். கறுப்புப் பவளம் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, அதற்குக் கெடுபிடி இன்னும் அதிகம்.

வாசனைத் திரவியம், முடிக்கான ஸ்ப்ரே எல்லாம் அடித்து உலர்ந்த பிறகு மாலையைப் போடுங்கள். கழற்றியதும் ஈரத் துணியால் ஒற்றி, பிறகு காய்ந்த துணியால் ஒற்றி, தனிப் பையில் வைத்துவிடுங்கள். பட்டு நூல் தொய்ந்து முடிச்சுகளுக்கு நடுவே இடைவெளி தெரிய ஆரம்பித்தால் பிரித்துக் கோர்க்கும் நேரம் வந்துவிட்டது. அத்தையின் மாலையை நல்ல பவளம் போட்டு மறுபடி கோர்த்துக் கொடுத்தேன். வெட்கப்பட்ட முத்துகளை எறிய அவர் விடவில்லை. இரண்டைப் பொறுக்கி, தோட்டுக்குத் தொங்கலாகக் கட்டிக் கேட்டார்.