பெண்கள் சேர்ந்து வீடு கட்டும்போது எங்கே தவறுகிறது

தென்னாப்பிரிக்காவில் ஆகஸ்ட் 9 மகளிர் நாள். 1956-ல் சுமார் 20,000 பெண்கள், கறுப்பின மக்கள் எங்கு போனாலும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டத்தை எதிர்த்து பிரிட்டோரியாவின் யூனியன் பில்டிங்ஸுக்குப் பேரணி போன நாள் அது. அந்த நாளை ஒட்டி, வீடில்லாத குடும்பத்துக்கு வீடு கட்டிக்கொடுக்கப் பெண்கள் குழுவாகக் கிளம்புவது இங்கே பல ஆண்டுகளாக நடக்கிறது. டர்பனைச் சுற்றி சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், இஸிப்பிங்கோ என நம் தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் பகுதிகளில், கோவில் மாதர் சங்கங்களும் இதில் இறங்க ஆசைப்படுகின்றன. இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியமர்த்திய குழு வசிப்பிடச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து வீட்டை விட்டு விரட்டப்பட்ட பாட்டிமார்களின் பேத்திகள் நாம். கூரை இல்லாத வலி நமக்குப் புரியும். அதனால்தான் இந்த வேலை ஒழுங்காக நடக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

பெரும்பாலான தவறுகள் கல் அடுக்கும் நாளில் நடப்பதில்லை. அதற்கு முந்தைய மாதங்களிலும், எல்லோரும் கலைந்துபோன பிறகும்தான் நடக்கின்றன.

2002 ஜூனில் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் டர்பனுக்கு வந்தார். ஏழைகளுக்கு வீடு கட்டிக்கொடுக்கும் ஹேபிடேட் ஃபார் ஹ்யூமானிட்டி அமைப்பின் தன்னார்வலர்கள் ஒரே வாரத்தில் 100 வீடுகளை எழுப்பினார்கள். எல்லோருக்கும் நினைவிருப்பது அந்த ஒரு வாரம்தான். நிலம் சமன் செய்து, கடைக்கால் தோண்டி, தளம் போட்டு, குழாய் இழுத்து வைக்காமல் எந்த ஊரிலும் ஒரு வாரத்தில் சுவர் எழும்பாது. நம் சங்கங்கள் முதலில் தேதி குறிக்கின்றன, பிறகு அழைப்பிதழ் அடிக்கின்றன, மேஸ்திரியைக் கடைசியில்தான் தேடுகின்றன. தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருக்கும் நாம், வீட்டுக்கு மட்டும் அன்று காலையில் வந்து நின்றால் போதும் என்று எப்படி நினைக்கிறோம்?

தேதிக்குப் பயந்து, நேற்றுக் கொட்டிய கான்கிரீட் மேல் இன்று சுவர் எழுப்புவது பெருந்தவறு. தளத்தைக் குறைந்தது ஏழு நாளாவது ஈரம் காயாமல் காக்க வேண்டும். சாக்கை நனைத்துப் போடலாம், பிளாஸ்டிக் விரிப்பால் மூடலாம். டர்பனில் ஆகஸ்ட் மழை குறைந்த மாதம் என்பதால் கட்டுமானத்துக்கு ஏற்றது. ஆனால் அக்டோபருக்குள் மழை தொடங்கிவிடும். கூரைக்கான பணம் கையில் இல்லாமல் சுவரைத் தொடங்காதீர்கள். பாதிச் சுவர் மழையில் நனைந்து நிற்பதை அந்தக் குடும்பம் தினமும் பார்க்க வேண்டியிருக்கும்.

நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். டர்பனின் மேடுகளில் பெரும்பகுதி பெரியா சிவப்பு மணல். காய்ந்திருக்கும்போது கெட்டியாக நிற்கும். நீர் இறங்கினால் பிடிப்பு விட்டு உள்வாங்கும், அரித்துக்கொண்டு போகும். 2022 ஏப்ரலில் கொட்டிய மழையில், டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். சரிவை வெட்டி மண்ணை நிரப்பிக் கட்டியிருந்த வீடுகள் அப்படியே சரிந்தன. அதனால் “இடம் இலவசமாகக் கிடைத்தது” என்ற சந்தோஷத்தில் ஓடைக்கரையிலோ, வெட்டிய சரிவின் விளிம்பிலோ வீடு கட்ட ஒப்புக்கொள்ளக் கூடாது. மண் பரிசோதனை அறிக்கை வாங்குங்கள். என்.எச்.பி.ஆர்.சி. எனப்படும் தேசிய வீடுகட்டுநர் பதிவு மன்றம் மண்ணை வகை பிரித்துத்தான் கடைக்காலை முடிவு செய்யச் சொல்கிறது. அதில் பதிவுபெற்ற கட்டுநரைக் கொண்டு, வேலை தொடங்க 15 நாள் முன்பே வீட்டைப் பதிவு செய்தால் கட்டமைப்புக்கு ஐந்து ஆண்டு உத்தரவாதம் உண்டு. தர்ம காரியத்துக்கு எதற்கு இந்தக் காகிதமெல்லாம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சுவர் விரிசல் விட்டால் அந்த ஏழை யாரிடம் போய் நிற்பாள் என்று அவர்களிடம் திருப்பிக் கேளுங்கள்.

கலவை விஷயத்தில் கண் அளவு வேண்டாம். ஒரு 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு சுமார் 200 லிட்டர் மணல், அதாவது மூன்று தள்ளுவண்டி. இதுதான் சாதாரணச் சுவர்க் கலவை. நான்காவது வண்டி மணலைச் சேர்த்துச் சிக்கனம் பண்ணுவது சுவரின் ஆயுளைத் தின்பது. கலந்த கலவையை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு அதில் மறுபடி தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் அது கல்லைப் பிடிக்காது. கடற்கரை மணல் கூடவே கூடாது, உப்பு கம்பியை அரித்துவிடும். கடைக்காலுக்கும் சுவருக்கும் நடுவே ஈரம் தடுக்கும் விரிப்பைப் போட மறந்தால், பிற்பாடு எத்தனை முறை வெள்ளை அடித்தாலும் சுவர் பூத்துக்கொண்டே இருக்கும். கூரைச் சட்டத்தைச் சுவரோடு கட்டும் இரும்புப் பட்டையைச் சில வரிசைகள் கீழேயே கல்லுக்கு நடுவில் பதித்துக்கொண்டு வர வேண்டும். கடைசியில் ஆணியடித்துச் சமாளிக்க முடியாது. லேசான தகட்டுக் கூரையை இடிமழைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும்.

உடை பற்றிச் சொன்னால் சில பெரியம்மாக்களுக்குக் கோபம் வரும். வந்தாலும் சொல்லத்தான் வேண்டும். துப்பட்டா, சேலை முந்தானை, தொங்கும் சங்கிலி எதுவும் கலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் போகக் கூடாது. செருப்போடு வருபவரை உள்ளே விடாதீர்கள். ஈரச் சிமென்ட் தோலைப் புண்ணாக்கும், அதனால் கையுறை கட்டாயம். 50 கிலோ மூட்டையைத் தனியாகத் தூக்கித் தன் பலத்தைக் காட்ட யாரும் வர வேண்டாம். பிரித்து வாளியில் எடுக்கலாம்.

அதோடு, பெண்கள் கட்டும் வீடு என்று பலகை வைத்துவிட்டு, கொத்துக் கரண்டியை ஆண்களிடம் கொடுத்து, பிரியாணிக்கு வெங்காயம் உரிக்கப் பெண்களை உட்கார வைப்பதும் நடக்கிறது. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. ரசமட்டம் பார்ப்பது, தூக்குக்குண்டு விடுவது, நூல் கட்டிக் கல் வைப்பது எல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் பெண்களால் செய்யக்கூடிய வேலைகள். கட்டும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு சின்ன ஒத்திகைச் சுவர் கட்டிப் பழகுங்கள். மூட்டு வலி உள்ள அக்காக்களுக்கும் வேலை இருக்கிறது: பொருள் கணக்கு, வருகைப் பதிவு, அரசு அலுவலகத்துக்கு நடையாய் நடப்பது.

புது வீட்டுக்குப் பதில் பழைய வீட்டைச் சீர்செய்யும் குழுக்கள் ஒன்றில் மிகுந்த கவனமாக இருக்க வேண்டும். பழைய நகராட்சி வீடுகளின் கூரை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். தென்னாப்பிரிக்கா 2008-ல் அதைத் தடை செய்தது. ஆனால் பழைய கூரைகள் இன்னும் இருக்கின்றன. தன்னார்வலர் அதை அறுக்கக் கூடாது, துளையிடக் கூடாது, தேய்த்துக் கழுவவும் கூடாது. அகற்றுவதற்குப் பதிவுபெற்ற நிறுவனம் வர வேண்டும். அதற்குப் பணம் இல்லையென்றால் அந்த வேலையை எடுக்காதீர்கள்.

வீடு யாருக்கு என்று முடிவு செய்வதிலும் தவறு நடக்கிறது. கோவிலுக்கு வரும் குடும்பம், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று பார்த்தால் உண்மையில் தேவைப்படுபவர் விட்டுப்போவார். பக்கத்துத் தெருவில் பேரப்பிள்ளைகளோடு தகரக் கொட்டகையில் இருக்கும் ஜூலு கோகோவும் (பாட்டியும்) நம் பட்டியலில் இருக்க வேண்டும். 2021 ஜூலைக் கலவரத்தில் இந்திய வம்சாவளியினருக்கும் கறுப்பின மக்களுக்கும் இடையே மோதல் வெடித்து உயிர்கள் போன பிறகு, ஃபீனிக்ஸ் பக்கம் இது இன்னும் அவசியமாகிவிட்டது. மாத வருமானம் 3,500 ராண்டுக்குள் இருந்தால் ஏழைகளுக்கு அரசு வீடு கொடுக்கும் ஆர்.டி.பி. திட்டத்தின் மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். முன்பே மானியம் வாங்கியவருக்கு மறுபடி கிடைக்காது. இதை முதலிலேயே விசாரியுங்கள், பாதி வழியில் திட்டம் கவிழக் கூடாது.

குடும்பத்தைக் கேட்காமல் வரைபடம் போடாதீர்கள். கேப் டவுனின் ஃபிலிப்பியில் விக்டோரியா மெக்ஸெங்கே திட்டத்துப் பெண்கள், நாள்தோறும் சில்லறை சேர்த்து, தங்கள் வீட்டைத் தாங்களே திட்டமிட்டுக் கட்டினார்கள். ஒப்பந்தக்காரர்கள் அதே மானியத்தில் கொடுத்ததைவிடப் பெரிய வீடுகள் அவை. நம் சீட்டு, இங்குள்ளவர்களின் ஸ்டாக்வெல் சேமிப்புக் குழு எல்லாமே அந்தப் பழக்கம்தான். அரசு வீட்டின் 40 சதுர மீட்டருக்குள்ளும் சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம், பிற்பாடு எந்தச் சுவரை ஒட்டி இன்னோர் அறை எடுப்பது என்று அந்த அம்மா சொல்ல நிறைய இருக்கும். அவரும் பிள்ளைகளும் கட்டும் வேலையில் கை கொடுக்கட்டும். பரிதாபப் படம் எடுத்துப் பரப்பாதீர்கள்.

“அக்கா, வீடு என் பேர்ல வருமா?” என்று கேட்கும் பெண்ணுக்கு உறுதியான பதில் இல்லாமல் கட்டத் தொடங்கக் கூடாது. நிலத்தின் உரிமைப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று பத்திரப் பதிவகத்தில் பாருங்கள். மாமனார் பெயரிலோ, இறந்துபோன பாட்டி பெயரிலோ இருந்தால் முதலில் அதைத் தீர்க்க வேண்டும். நம்மவர் பலர் கோவிலில் தாலி கட்டியதோடு நிறுத்திவிடுகிறார்கள். அரசு அங்கீகாரம் பெற்ற திருமண அதிகாரி பதிவு செய்யாத இந்துத் திருமணம் சட்டப்படி முழுத் திருமணம் ஆகாது. உயில் இல்லாமல் கணவன் இறந்தால் அத்தகைய மனைவிக்கும் வாரிசுரிமை உண்டு என்று டர்பன் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு விதவையும் வழக்கறிஞரைத் தேடி நடக்க வேண்டுமா? கல் வாங்கும் பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி, திருமணப் பதிவையும் உயிலையும் கூடவே முடித்துக்கொடுங்கள். மானிய வீட்டைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விற்க முடியாது என்பதையும் தமிழிலோ ஜூலுவிலோ புரியும்படி சொல்லுங்கள்.

சாவி கொடுத்த பிறகு முதல் பெருமழை முடிந்ததும் ஒரு நடை போய்ப் பாருங்கள். கூரை ஒழுகுகிறதா, ஜன்னல் ஓரத்தில் விரிசல் இருக்கிறதா, சுவரடியில் தண்ணீர் தேங்குகிறதா என்று சுற்றி வாருங்கள். பதிவுபெற்ற வீட்டில் சிறு குறைகளுக்கு மூன்று மாதம், கூரை ஒழுகலுக்கு ஓராண்டு என்பதே கெடு. அதற்குள் கட்டுநருக்கு எழுத்தில் தெரிவித்து, நகலை அந்த அம்மாவிடமும் கொடுத்துவிடுங்கள்.