குமரி மாவட்ட அமைச்சர் ஒருவரின் அரசியல் வரலாற்றை எழுதும் முறை

கட்சியினர் அச்சிடும் பிறந்தநாள் மலரை முதலில் எடுக்காதீர்கள். அதில் பட்டங்கள் இருக்கும், தேதிகள் இருக்காது. தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகளிலிருந்து அவர் போட்டியிட்ட ஆண்டு, தொகுதி, கட்சி, பெற்ற வாக்குகள் ஆகியவற்றை, தோல்விகளையும் விடாமல், வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டத்தில் இதற்கே சற்று நிதானம் தேவை. அகத்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்துடன் இணைந்தன என்பதால், அதற்கு முந்தைய சட்டமன்றப் பணியைத் திருவிதாங்கூர்-கொச்சி ஆவணங்களில்தான் தேட வேண்டும். திருவட்டாறு சட்டமன்றத் தொகுதி, எல்லை மறுசீரமைப்புக்குப் பின், 2011 தேர்தலில் இல்லை. ‘நாகர்கோவிலில் வென்றார்’ என்று மட்டும் எழுதினாலும் குழப்பம் வரும். காமராசர் 1969 இடைத்தேர்தலிலும் 1971இலும் வென்றது, அதே பெயருள்ள சட்டமன்றத் தொகுதியில் அல்ல, நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில், அதுவோ 2009 தேர்தல் முதல் கன்னியாகுமரி என்றே வழங்குகிறது.

அடுத்து இலாகா. ‘முன்னாள் அமைச்சர்’ என்ற அடைமொழி எதையும் சொல்வதில்லை. 1957இல் குளச்சலில் வென்ற லூர்தம்மாள் சைமன் காமராசர் அமைச்சரவையில் உள்ளாட்சித் துறையைக் கவனித்தார் என எழுதினால்தான் வாசகருக்குப் பொருள் விளங்கும். மாநிலத்தின் பெயர் 1969இல்தான் மாறியது என்பதால் அவரைச் சென்னை மாநில அமைச்சர் என்பதே முறை. இடைவெளிகளையும் மறைக்கக்கூடாது. பத்மநாபபுரத்தில் வென்ற மனோ தங்கராஜ் 2021இல் தகவல் தொழில்நுட்பத் துறைக்கும் 2023இல் பால்வளத் துறைக்கும் அமைச்சரானார். 2024 செப்டம்பரில் விடுவிக்கப்பட்டு, 2025 ஏப்ரலில் பால்வளத் துறைக்கே திரும்பினார். இதை ‘2021 முதல் அமைச்சர்’ என்று சுருக்கினால் அது பிழையாகிவிடும்.

சாதனைகளை எழுதும் இடத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். மானியக் கோரிக்கையின்போது, அதாவது துறைக்கான நிதி ஒதுக்கீட்டு விவாதத்தின்போது, பேரவையில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு, அதன்பின் வரும் அரசாணை, பணி முடிந்ததற்கான பதிவு ஆகிய மூன்றையும் தனித்தனியே பாருங்கள். அறிவிப்போடு நின்றதை அறிவிப்பு என்றே எழுதுங்கள். பேரவை விதி 110இன் கீழ் முதலமைச்சர் அறிவித்ததைத் துறை அமைச்சரின் பெயரில் ஏற்றுவதும், தேசிய நெடுஞ்சாலையில் நிற்கும் மார்த்தாண்டம் மேம்பாலத்தை மாநில அமைச்சர் ஒருவரின் கணக்கில் சேர்ப்பதும் டீக்கடையில் செல்லும், வரலாற்றில் செல்லாது.

சொத்து, கல்வி, வழக்குகள் பற்றிய விவரங்களுக்கு வேட்புமனுவுடன் தரப்படும் படிவம் 26 பிரமாணப் பத்திரமே போதுமானது, ஆனால் அது வேட்பாளர் தாமே அளிக்கும் வாக்குமூலம் என்பதால் ‘அறிவித்துள்ளார்’ என்ற சொல்லுடனேயே எழுதுங்கள். நிலுவையிலுள்ள வழக்கைத் தண்டனைபோல் எழுதக்கூடாது. எந்த ஆண்டுப் பத்திரத்தில் இருக்கிறது, வழக்கு எந்த நிலையில் இருந்தது என்பதையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள்.