ஜூம் லென்ஸில் டெலிகன்வர்டர்: படம் மங்கலாக வந்தால் எங்கே தேடுவது?

டெலிகன்வர்டர் என்பது லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டிப் படத்தைப் பெரிதாக்கும் சின்னக் கண்ணாடித் தொகுப்பு. அதை வாங்கிய முதல் மாதம் எனக்கு ஒரு படம்கூடக் கூர்மையாக வரவில்லை. கண்ணாடியில்தான் கோளாறு என்று நினைத்து விற்கவே கிளம்பிவிட்டேன். கோளாறு வேறு இடத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடித்த வழியைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்லப்போகிறேன்.

முதலில், உங்கள் லென்ஸ் கன்வர்டரை ஏற்குமா என்று பாருங்கள். பல கன்வர்டர்களின் முன்கண்ணாடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது நுழைய லென்ஸின் பின்புறம் இடம் வேண்டும். 18-55, 24-70 மி.மீ. (ஜூமின் குவியத்தூர எல்லைகள்) மாதிரி சாதாரண ஜூம்களில் அந்த இடம் இருக்காது. 100-400, 200-600 போன்றவற்றில் பெரும்பாலும் இருக்கும். ஆனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். கேனானின் ஆர்எஃப் 70-200 எஃப் 2.8 (எஃப் எண் அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் திறப்பைக் குறிக்கும்; எண் கூடினால் திறப்பு சிறிது) லென்ஸில் முதலில் வந்த மாடல் கன்வர்டரை ஏற்காது, பின்னால் வந்த 'இசட்' மாடல் ஏற்கும். தயாரிப்பாளர் தரும் பொருத்தப் பட்டியலைப் பார்த்துவிட்டே வாங்குங்கள். மாட்டும்போது இடித்தால் அழுத்தவே கூடாது.

அடுத்து, 1.4 மடங்கா, 2 மடங்கா? 1.4 ஒரு ஸ்டாப் (பாதி) வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளும், 2 இரண்டு ஸ்டாப் (முக்கால்வாசி). 400 மி.மீ.யில் எஃப் 5.6 இருக்கும் லென்ஸ், முதலாவதில் 560 மி.மீ. எஃப் 8 ஆகும். இரண்டாவதில் 800 மி.மீ. எஃப் 11. ஜூம் லென்ஸ்காரர்களுக்கு நான் 1.4 மட்டுமே சொல்வேன். 70-200 எஃப் 2.8 வைத்திருந்தால் 2 மடங்கையும் யோசிக்கலாம். 140-400 எஃப் 5.6 கிடைக்கிறது, பரவாயில்லை. இன்னொன்று, லென்ஸ் செய்த நிறுவனத்தின் கன்வர்டரையே வாங்குங்கள். இதில் நான் பிடிவாதக்காரன்.

மாட்டுவது எளிது. கேமராவை அணைத்து, கன்வர்டரை முதலில் லென்ஸில் பூட்டி, அப்புறம் இரண்டையும் சேர்த்து கேமராவில் பூட்டுங்கள்.

இனி ஷட்டர் வேகம். 560 மி.மீ. என்றால் கையில் பிடித்து எடுக்க 1/560 வினாடியாவது வேண்டும் என்பது பழைய கணக்கு. ஏபிஎஸ்-சி (முழு ஃபிரேமைவிடச் சிறிய) சென்சார் என்றால் அந்த வேகத்தை ஒன்றரை மடங்காக்குங்கள். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு நான் 1/1000, பறப்பதற்கு 1/2000 வைக்கிறேன். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் அளவு) ஏறினால் ஏறட்டும். அதனால் வரும் நாய்ஸை (படத்தில் தெரியும் புள்ளிகளை) பிறகு குறைக்கலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

சரி, இப்போது நான் இடறிய இடம். இவ்வளவும் செய்தும் படம் மங்கலாகவே இருந்தது. அப்போது செய்த சோதனை இது.

சின்ன எழுத்து அச்சடித்த தாள் ஒன்றை எட்டு, பத்து மீட்டர் தள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். டிரைபாட், இரண்டு வினாடி டைமர், ஸ்டெபிலைசேஷன் (அசைவுத் தடுப்பு) அணைப்பில். ஜூமை முழுக்க நீட்டி, கன்வர்டர் இல்லாமல் ஒரு படம், மாட்டி ஒரு படம். மாட்டிய நிலையிலேயே அப்பர்ச்சரை ஒரு ஸ்டாப் சுருக்கி இன்னொன்று. கடைசியாக, திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்து ஒன்று. கணினியில் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

கையால் ஃபோகஸ் செய்தது மட்டும் தெளிவு என்றால் ஆட்டோஃபோகஸில் பிரச்சினை. டிஎஸ்எல்ஆரில் (உள்ளே ஆடி இருக்கும் கேமராவில்) இது சகஜம். ஃபோகஸ் நுண்திருத்த வசதி (ஆட்டோஃபோகஸ் விழும் இடத்தைச் சற்று முன்பின் நகர்த்தும் அமைப்பு) இருந்தால் கன்வர்டரோடு சேர்த்து அதை மறுபடி செய்ய வேண்டும். ஒரு ஸ்டாப் சுருக்கியதும் தெளிந்தால் இனி அந்த அப்பர்ச்சரிலேயே எடுங்கள். கன்வர்டர் இல்லாத படத்தைப் பெரிதாக்கினால் கிடைக்கும் எழுத்தும் கன்வர்டர் தரும் எழுத்தும் ஒன்றுபோலவே இருந்தால், உங்கள் லென்ஸுக்கு அது தேவையில்லை. வெட்டியே பெரிதாக்கிக்கொள்ளலாம், ஆனால் 1.4 அளவுக்கு வெட்டினால் 24 மெகாபிக்சல் 12 ஆகிவிடும்.

எனக்கு நான்கில் மூன்று படங்கள் நன்றாகவே இருந்தன, கன்வர்டர் மாட்டியவையும் சேர்த்து. அப்படியானால் வெளியே எடுத்தவை ஏன் மங்கின? கானல். நான் போனதெல்லாம் நண்பகலில்; ஏரிக்கு அந்தப் பக்கம் நூறு, நூற்றைம்பது மீட்டர் தள்ளி இருந்த பறவைகள். சூடான காற்று நெளியும்போது எந்தக் கண்ணாடியும் உதவாது, நீளம் கூடக்கூட நெளிவும் பெரிதாகும். மறுநாள் விடியற்காலையில், இருபது மீட்டரில் இருந்த மீன்கொத்தியை அதே கன்வர்டரில் எடுத்தேன். இறகின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. தூரத்தைக் குறைக்கத்தான் கன்வர்டர் வாங்குகிறோம். ஆனால் அது நன்றாக வேலை செய்வது கிட்டத்தில் இருப்பதைப் பெரிதாக்கும்போதுதான். லென்ஸின் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் மாறாது என்பதால் தும்பி, பட்டாம்பூச்சிக்கும் அருமையாக இருக்கும்.

பிற்சேர்க்கை: ஆட்டோஃபோகஸ் நின்றேவிட்டது என்று இருவர் கேட்டிருந்தார்கள். பழைய டிஎஸ்எல்ஆர் பலவற்றில் எஃப் 5.6 வரைதான் ஆட்டோஃபோகஸ் இயங்கும். சிலவற்றில் எஃப் 8 வரை, அதுவும் நடுப்புள்ளியில் மட்டும். மிரர்லெஸ்ஸில் (ஆடி இல்லாத கேமராக்களில்) இந்தத் தொல்லை மிகக் குறைவு. கேனான் ஆர்எஃப் 100-500 வைத்திருப்பவர்கள், ஜூமை 300க்கு மேல் திருப்பிய பிறகே கன்வர்டரை மாட்டுங்கள். மாட்டியிருக்கும்வரை 300க்குக் கீழே வராது. அந்த நீளத்துக்கு ஏற்ற பை வேண்டும், இல்லையென்றால் கழற்றித்தான் வைக்க வேண்டும்.