ஒரே குடும்பப் பெயர் இருந்தால் ஒரே குடும்பமா? புதுச்சேரி, கடலூர்ப் பகுதியில் முன்னோரைத் தேடும் முறை

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ரீயூனியன் தீவிலிருந்து ஒருவர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவருடைய குடும்பப் பெயர் வீராசாமி. என் கொள்ளுத்தாத்தாவின் பெயரும் வீராசாமி. என் தாத்தா பாஸ்போர்ட் எடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அதுவே பின்பெயர். நாம் உறவினரா என்று அவர் கேட்டிருந்தார். ஆம், கட்டாயம் உறவினர்தாம் என்று அன்றிரவே பதில் எழுதிவிட்டு, அதை மெய்ப்பிக்க எட்டு மாதங்கள் அலைந்தேன். கடைசியில் நாங்கள் உறவினரல்லர் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. ஆனால் அந்த அலைச்சலில், கடலூரில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளிலேயே போய்விடக்கூடிய குருவிநத்தத்தில், இரண்டு தலைமுறையாகப் போக்குவரத்து இல்லாமற்போன எங்கள் பங்காளிக் குடும்பம் ஒன்று கிடைத்தது. அவர்களுடைய பின்பெயர் வேறு.

ஆகவே இந்தச் செய்முறையைத் தொடங்கும் முன்பே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நம் பகுதியில் குடும்பப் பெயர் என்பது அண்மைக்கால ஏற்பாடு. இங்கிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ரீயூனியன், குவாதலூப், மர்த்தினீக் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கப்பலேறியவர்களுக்குப் பின்பெயர் கிடையாது. போனவருக்கு இருந்த ஒற்றைப் பெயரே அவருடைய பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக எழுதப்பட்டது. எத்தனை ராமசாமிகள் கப்பலேறினார்களோ, அத்தனை ராமசாமிக் குடும்பங்கள் அங்கே உண்டு. அவர்களுக்குள்ளேயே உறவு இருக்க வேண்டியதில்லை. புதுச்சேரியிலோ 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணைக்குப் பிறகு, திருமணம், சொத்துரிமை போன்றவற்றில் தம் சமய வழக்கத்தைப் பின்பற்றும் தனிச்சட்ட உரிமையைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட ரெனோன்சான்கள் தமக்கென்று ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு முன்னின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை, லப்போர்த் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டார். அண்ணன் துறந்து தம்பி துறக்காமல் இருந்துவிட்டால், ஒரு தகப்பனின் பிள்ளைகள் இரு பெயர்க்காரர்களாகிவிடுவார்கள். பிள்ளை, ரெட்டியார், முதலியார் போன்ற பட்டங்களைக் கொண்டு உறவு தேடுவதிலும் பயனில்லை. உறவைக் காட்டுபவை ஊர், தகப்பன் பெயர், குலதெய்வம் ஆகிய மூன்றுமே.

முதற்படி: வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பது

இதை எல்லோரும் சொல்வார்கள் என்பதால் நான் நீட்டவில்லை. கேட்கும் கேள்வியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். 'நம் உறவுக்காரர்கள் யார் யார்?' என்று கேட்டால் அண்மையில் திருமணத்துக்கு வந்தவர்களின் பெயர்களே வரும். 'யார் வீட்டுச் சாவுக்கு நாம் தீட்டுக் காத்தோம்?' என்று கேளுங்கள். பங்காளிகள் யார், சம்பந்திகள் யார் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே பிரிந்துவிடும். என் பெரிய அத்தைக்கு எண்பத்து மூன்று வயது. தம் கொள்ளுத்தாத்தாவின் பெயரை அவரால் நினைவுகூர முடியவில்லை. ஆனால், தாம் சிறுமியாக இருந்தபோது ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கிழவர் இறந்ததற்காக வீட்டில் பொங்கல் வைக்கவில்லை என்பதைச் சொன்னார். அந்த ஆறு தென்பெண்ணை, அக்கரை குருவிநத்தம்.

இரண்டாம் படி: மொய் நோட்டு

வம்சாவளி எழுதுவதற்கு மொய் நோட்டைவிட நம்பத்தகுந்த ஆவணம் ஒரு தமிழ் வீட்டில் இருக்க முடியாது என்பது என் முடிவு. பணம் சம்பந்தப்பட்டது என்பதால் பெயரைத் தவறாக எழுத மாட்டார்கள். ஒரே பெயரில் பலர் வருவார்கள் என்பதால் ஊரையும் தகப்பன் பெயரையும் சேர்த்தே எழுதியிருப்பார்கள். பரணில் இருக்கும் எல்லா நோட்டுகளையும் இறக்கி, ஊர்வாரியாகப் பெயர்களைப் படியெடுங்கள். எந்த ஊரிலிருந்து தொடர்ந்து மொய் வந்து, ஓர் ஆண்டுக்குப் பிறகு திடீரென நின்றுபோகிறதோ, அந்த ஊரைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் 1968ஆம் ஆண்டுத் திருமணத்தின் நோட்டில் குருவிநத்தம் என்று நான்கு பெயர்கள் இருந்தன. 1974ஆம் ஆண்டு நோட்டில் ஒன்றுகூட இல்லை. இடையில் ஒரு வரப்புச் சண்டை நடந்திருக்கிறது.

பழைய திருமணப் பத்திரிகைகளையும் கருமாதிப் பத்திரிகைகளையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்திரிகையின் அடியில் உள்ள பெயர்வரிசை மூப்பு முறைப்படி அச்சிடப்பட்டிருக்கும். அண்ணன் தம்பி வரிசை அதில் தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: குலதெய்வக் கோயிலும் மூலப் பத்திரமும்

குலதெய்வக் கோயிலில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பவரிடம் ஒரு நோட்டு இருக்கும். வரி கட்டுபவர் எல்லோரும் பங்காளிகள். வெளியூர் போய்விட்டவர்களின் பெயர்களைக்கூட நிலுவை என்று எழுதி வைத்திருப்பார்கள். நீங்கள் முதலில் உங்கள் நிலுவையைக் கட்டுங்கள். பிறகு நோட்டைக் கேளுங்கள்.

வீட்டில் நிலம் இருந்தால் மூலப் பத்திரத்தைப் பாருங்கள். எழுதிக்கொடுப்பவர், எழுதிவாங்குபவர், சாட்சிகள் ஆகிய எல்லோருக்கும் 'இன்னாருடைய குமாரர்' என்று இருக்கும். நான்கெல்லை விவரத்தில் பக்கத்து நிலத்துக்காரரின் பெயரும் வரும். பாகப்பிரிவினையில் பிரிந்த நிலங்கள் பெரும்பாலும் அடுத்தடுத்தே இருக்கும் என்பதால், எல்லையில் வரும் பெயர் பங்காளியாக இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. இப்போதைய கடலூர் மாவட்டம் 1993இல் உருவானது. அதற்கு முந்தைய பத்திரங்களில் தென்னார்க்காடு என்றே இருக்கும்.

நான்காம் படி: பிரெஞ்சுப் பதிவேடுகள் (நான் தடுக்கி விழுந்த இடம்)

புதுச்சேரி ஆட்சிப் பகுதி ஒரே துண்டாக இல்லாமல் கடலூர், விழுப்புரம் ஊர்களுக்கிடையே சிதறிக் கிடப்பதால், நீங்கள் கடலூர்க்காரராகவே இருந்தாலும் உங்கள் பாட்டி பாகூரிலோ கிருமாம்பாக்கத்திலோ பிறந்திருக்கலாம். அப்படியானால் நீங்கள் கொடுத்துவைத்தவர். பிரெஞ்சு ஆட்சியில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடுகள் இருந்தன. ஒவ்வொரு பதிவிலும் பெற்றோர் பெயர், ஊர், தொழில், சாட்சிகள் என்று முழு வாக்கியங்களாக எழுதியிருப்பார்கள். எக்ஸ் ஆன் புரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த ஆட்சிப் பகுதிகளின் தேசிய ஆவணக் காப்பகம், ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முற்பட்ட பதிவேடுகளைப் படம்பிடித்து இணையத்தில் கட்டணமின்றி வைத்திருக்கிறது. அந்தத் தளத்தில் இந்தியாவைத் தேர்ந்து, ஊரையும் ஆண்டையும் தேர்ந்தால் பக்கங்கள் படங்களாக விரியும்.

அங்கே பெயரைத் தட்டச்சு செய்து தேடலாம் என்று நினைத்துத்தான் நான் முதலில் ஏமாந்தேன். பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பல பதிவேடுகளின் இறுதியில் அவ்வாண்டுக்குரிய அகரவரிசைப் பெயர்ப் பட்டியல் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தபின், ஒவ்வோர் ஆண்டின் பட்டியலிலும் 'வி' என்னும் எழுத்துக்குப் போய் வீராசாமியைத் தேடினேன். இரண்டு மாதம் ஒன்றும் அகப்படவில்லை. காரணம் எளிது. பின்பெயர் இல்லாத தமிழரைப் பட்டியலில் அவரவர் சொந்தப் பெயரின் முதலெழுத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். வீராசாமியின் மகளைத் தேடுகிறவர் மகளின் பெயருக்குரிய எழுத்தைப் பார்க்க வேண்டும். வீராசாமி என்ற பெயர் பதிவின் உள்ளே மட்டுமே வரும். பிள்ளையின் பெயர் தெரியாவிட்டால் பட்டியலை விட்டுவிட்டு அந்த ஆண்டின் பதிவுகள் முழுவதையும் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்த தொல்லை எழுத்துக்கூட்டல். பிரெஞ்சு எழுத்தர் தம் காதில் விழுந்ததைத் தம் மொழி முறைப்படி எழுதினார். பிரெஞ்சில் 'யூ' என்னும் எழுத்தைத் தனியே எழுதினால் நம் உகரம் வராது என்பதால் 'ஓ', 'யூ' இரண்டையும் சேர்த்து எழுதினார். உயிரெழுத்துகளுக்கு நடுவே ஒற்றை 'எஸ்' வந்தால் 'இசட்' போல ஒலிக்கும் என்பதால் சாமிக்கு இரண்டு 'எஸ்' போட்டார். சொல்லின் இறுதியில் 'என்' வந்தால் மூக்கொலியாகிவிடும் என்பதால் முருகனுக்குக் கடைசியில் ஓர் 'ஈ' சேர்த்தார், வைத்திலிங்கத்துக்கும் அப்படியே. 'சி', 'எச்' இரண்டும் சேர்ந்தால் பிரெஞ்சில் 'ஷ' என்று ஆகிவிடுவதால் நம் 'ச்ச'வுக்கு முன்னால் ஒரு 'டி' வரும். இந்த நான்கு விதிகளையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, தேடும் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கக்கூடும் என்று முதலிலேயே பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஆளின் பெயர் திருமணப் பதிவில் ஒருவிதமாகவும் இறப்புப் பதிவில் வேறுவிதமாகவும் இருக்கும்.

பதிவைப் படிக்க முழுப் பிரெஞ்சு தேவையில்லை. 'ஃபீஸ் தெ' என்றால் இன்னாருடைய மகன். 'ஃபீய் தெ' என்றால் மகள். 'தெம்வான்' என்றால் சாட்சி. பெயருக்கு முன்னால் 'ஃபே' என்னும் சிறு சொல் வந்தால் அவர் அதற்கு முன்பே காலமானவர் என்று பொருள். இந்தச் சொல்லை நான் தொடக்கத்தில் பெயரின் பகுதி என்று எண்ணிவிட்டேன். அதைச் சரியாகப் படித்தால், ஒருவரின் இறப்புப் பதிவை எந்த ஆண்டுக்கு முன்னால் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும். சாட்சிகளின் பெயர்களைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் குடும்பத்தில் தாய்மாமன் கிடைத்தது சாட்சிப் பெயரில்தான்.

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்த 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பதிவுகளுக்கு, நாந்த் நகரில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகத்தின்கீழ் இயங்கும் குடிநிலைப் பதிவு அலுவலகத்துக்கு இணையவழியே விண்ணப்பிக்கலாம். அண்மைக்காலப் பிறப்பு, திருமணப் பதிவுகளின் முழுப் படியை உரியவர், அவருடைய துணை, நேரடி முன்னோர், வாரிசுகள் போன்றோரே பெற முடியும். புதுச்சேரியிலேயே இருந்துவிட்டவர்களின் பழைய ஆக்த்துகளுக்கு, அதாவது பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளுக்கு, அந்தந்த நகராட்சியையோ கொம்யூன் பஞ்சாயத்தையோ அணுக வேண்டும். ஆண்டையும் பதிவு எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு போகாவிட்டால் நாளை வா என்பார்கள். கிறித்தவக் குடும்பமாக இருந்தால் பங்குக் கோயிலின் திருமுழுக்குப் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் உறவினராகவே இருப்பார்கள்.

ஐந்தாம் படி: தொலைவிலுள்ளவரோடு பேசுவது

தீவுகளிலிருந்து எழுதுபவரிடம் முதலில் அவருடைய முன்னோரின் ஒப்பந்தப் பதிவைக் கேளுங்கள். பதிவு எண், தகப்பன் பெயர், கப்பலின் பெயர் ஆகியவை அதில் இருக்கக்கூடும். பிறந்த இடம் புதுச்சேரி என்றோ காரைக்கால் என்றோ மட்டும் இருந்தால் நம்பிவிடாதீர்கள். அது கப்பலேறிய துறைமுகமாக இருக்கலாம். ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியிலிருந்து வந்து பிரெஞ்சுத் துறைமுகத்தில் ஏறியவர்கள் ஏராளம். எனக்கு எழுதியவரின் முன்னோர் காரைக்காலில் ஏறியிருந்தார். தகப்பன் பெயரும் ஊரும் தஞ்சாவூர்ப் பக்கத்தைக் காட்டின. எங்கள் வீராசாமி அந்தக் கப்பல் புறப்பட்டுப் பல ஆண்டுகள் கழித்தே பிறந்தவர்.

உள்ளூர் உறவைத் தேடிப் போவதற்குத் தனிப் பக்குவம் வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் வந்து 'உங்கள் தாத்தாவின் பெயர் என்ன?' என்று கேட்டால், பாகம் கேட்க வந்திருக்கிறார் என்றே எந்த வீட்டிலும் நினைப்பார்கள். நான் குருவிநத்தம் போனபோது பத்திரத்தின் நகலைக் கையில் எடுத்துக்கொண்டு போனது பெரும்பிழை, திண்ணையைத் தாண்டவில்லை. இரண்டாம் முறை பெரிய அத்தையை அழைத்துக்கொண்டு, பூவும் பழமும் வாங்கிக்கொண்டு, 1968ஆம் ஆண்டு மொய் நோட்டை மட்டும் எடுத்துப் போனேன். தம் தகப்பனார் எழுதிய ஐந்து ரூபாயைப் பார்த்ததும் அந்த வீட்டுப் பெரியவர், 'உள்ளே வாங்க அக்கா' என்று அத்தையை அழைத்தார்.

எதில் எழுதிவைப்பது?

கைப்பேசியில் குடும்ப மரம் வரைந்து தரும் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் பல, மாமன் மகளை மணந்தவரின் குடும்பத்தை வரையும்போது ஒரே பாட்டியை இரண்டு இடங்களில் காட்டிக் குழப்பும். கணினியில் கிராம்ப்ஸ் என்னும் இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் ஒரு மனிதருக்கு ஒரே அட்டை. அவரை எத்தனை உறவோடு வேண்டுமானாலும் இணைக்கலாம். ஒவ்வொரு செய்திக்கும் அது எங்கிருந்து கிடைத்தது என்று குறிக்கலாம். வம்சாவளி மென்பொருள்களுக்குப் பொதுவான ஜெட்காம் வடிவில் சேமித்தால் வேறு மென்பொருளிலும் திறக்கும். பேரனுக்குத் தாத்தாவின் பெயரை இடுவது நம் வழக்கம் என்பதால், ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வந்துகொண்டேயிருக்கும்; ஆகவே பெயரோடு பிறந்த ஆண்டையோ ஊரையோ சேர்த்தே எழுதுங்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவற்றுள் இரண்டை இங்கே சேர்க்கிறேன்.

ஒருவர் தம் கொள்ளுப்பாட்டி 1880இல் பிறந்ததாகப் பதிவில் படித்ததாகவும், அப்படியானால் அவருடைய தாய்க்கு அப்போது ஒன்பது வயதுதான் ஆகிறது என்றும் எழுதியிருந்தார். படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். பிரெஞ்சுப் பதிவுகளில் ஆண்டை எண்ணால் எழுதாமல் சொல்லால் எழுதுவார்கள். எண்பது என்பது 'காத்ர்-வான்', அதாவது நான்கு இருபது. தொண்ணூற்றைந்து என்பது 'காத்ர்-வான்-கான்ஸ்', நான்கு இருபதும் பதினைந்தும். அந்தப் பதினைந்து அடுத்த வரியின் தொடக்கத்தில் இருந்தது. பாட்டி பிறந்தது 1895இல். எழுபதுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவை அறுபதோடு பத்து முதல் பத்தொன்பது வரை கூட்டிச் சொல்லப்படுபவை.

இன்னொருவரிடம் ஓலை ஜாதகம் இருக்கிறது; ஆண்டு ரௌத்திரி என்று மட்டும் உள்ளது. ரௌத்திரி 1980இல் வந்தது. அறுபது அறுபதாகக் கழித்தால் 1920, 1860. எது என்பதை ஜாதகத்துக்கு உரியவருடைய பிள்ளைகளின் வயதைக் கொண்டு தீர்மானியுங்கள். தை முதல் பங்குனி வரையிலான மாதமாக இருந்தால், ஆங்கில ஆண்டில் பெரும்பாலும் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மார்கழியின் பிற்பகுதிக்கும் அப்படியே.