ஸ்டார்ட்டரை மாற்றும் முன் எர்த் வயரைப் பாருங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றினால், புது மோட்டார் வாங்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க, இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயரைக் கழற்றிவிடுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் (காரின் உடலோடு இணைந்திருக்கும் முனை) மற்றதை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த் பாதையில்தான்.

இன்ஜின் ரப்பர் மவுன்ட்டுகளில் உட்கார்ந்திருப்பதால், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப இன்ஜினைக் காரின் உடலோடு இணைக்கும் ஒரு உலோகப் பின்னல் பட்டையையே நம்பியிருக்கிறது. அதன் போல்ட்டுக்கு அடியில் துருவோ பெயின்ட்டோ இருந்தால் மின்னழுத்தம் அங்கேயே வீணாகிவிடும். (முற்றிப்போனால் சோக் கேபிள் வழியாக மின்சாரம் ஓடி, கேபிளே சூடாவதும் உண்டு!) இரண்டு முனைகளையும் உலோகம் தெரியத் தேய்த்து இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பேட்டரியே இறங்கிக் கிடந்தால் இந்தச் சோதனை எதையும் சொல்லாது. முதலில் சார்ஜ் செய்யுங்கள். அப்புறம், 1962-இல் வந்த முதல் எம்ஜிபி போன்ற சில பிரிட்டிஷ் கார்களில் எர்த் ஆவது பாசிட்டிவ் முனை. மீட்டரை அங்கே வைக்க வேண்டும்.