டிராக் காருக்கு ஆயில் மீட்டர் மாட்டுவதும் படிப்பதும்: புதிதாக இறங்குபவர்களுக்கு

பழைய எஸ்டீமோ ஸ்விஃப்ட்டோ வாங்கி, பின் சீட்டைக் கழற்றிவிட்டு, ரோல் கேஜ் (கார் உருண்டாலும் ஆளைக் காக்கும் குழாய்க் கூண்டு) அடித்து, கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் சேலத்துக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் கேள்வி பெரும்பாலும் "அண்ணே, எந்த ஆயில் கூலர் போடலாம்?" என்றுதான் வரும். ஆயிலைக் குளிர்விக்கும் அந்தச் சின்ன ரேடியேட்டரை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஆயில் பிரஷரையும் ஆயில் சூட்டையும் காட்டும் மீட்டர்களை வாங்குங்கள்.

காரணம் இருக்கிறது. கம்பெனி டேஷ்போர்டில் உள்ள சூட்டு முள் காட்டுவது தண்ணீரின் சூடு, ஆயிலின் சூடு அல்ல. ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு, பல வண்டிகளில் பிரஷர் 5, 7 பிஎஸ்ஐ (பிரஷரின் அளவு) வரை இறங்கிய பிறகுதான் எரியும். ஐடிலில் அது போதும். 6000 ஆர்பிஎம்மில் அந்த விளக்கு எரிந்தால், அதற்குள் கான்ராட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்க் தண்டைப் பிடிக்கும் இடத்தில் இருப்பது) போயிருக்கும். ஓடும் இன்ஜினில் கிராங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை. தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலம்தான் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. அது ஒரு நொடி அறுந்தாலும் செலவு உங்களுக்குத்தான்.

1. மீட்டர் மாட்டுதல்

கம்பெனி பிரஷர் ஸ்விட்ச் பெரும்பாலும் ஆயில் பில்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதைக் கழற்றி மரையைப் பாருங்கள். ஜப்பான் வழி இன்ஜின்களில் அங்குலத்துக்கு 28 மரை இருப்பது வழக்கம், அமெரிக்க மீட்டர்களோடு வரும் சென்சாரில் 27. இரண்டு சுற்று நன்றாகவே ஏறும், அப்புறம் இறுகும். அந்த இடத்தில் ஸ்பேனரை அழுத்தினால் பிளாக்கின் அலுமினிய மரை போச்சு. சரியான அடாப்டர் கிடைக்கும்வரை பொறுங்கள்.

ஸ்விட்ச், சென்சார் இரண்டையும் ஒரே துளையில் மாட்ட உதவும் டி வடிவ பிட்டிங்கில் கனமான சென்சாரை நேராக பிளாக்கில் தொங்கவிடாதீர்கள். அதிர்வில் கழுத்து முறிந்தால் சூடான ஆயில் சைலன்சர் குழாய் மேல் கொட்டும், தீப்பிடிக்கும். சிறிய எஃகுப் பின்னல் ஹோஸ் ஒன்று போட்டு, சென்சாரை பாடியில் கிளாம்ப் அடித்துவிடுங்கள். ஒற்றை வயர் சென்சாராக இருந்தால் அதன் உடம்புக்குத் தனியாக எர்த் கொடுக்க வேண்டும். டெஃப்லான் டேப் வேண்டாம். அது எர்த்தைக் கெடுக்கும், அதன் துணுக்கு ஆயில் வழிக்குள் போனால் இன்னும் மோசம்.

ஆயில் சூட்டை அளக்கும் சென்சாரை ட்ரெயின் போல்ட் (ஆயிலை வடிக்க இன்ஜினின் அடியில் இருக்கும் போல்ட்) இடத்தில் போடலாம் என்பார்கள். நம் ஊர் வேகத்தடைகளை நினைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். பில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் சாண்ட்விச் பிளேட்தான் எனக்குப் பிடித்த இடம். பின்னால் கூலர் தேவைப்பட்டாலும், கூலர் வழியுள்ள பிளேட்டாக வாங்கியிருந்தால் வேலை மிச்சம்.

2. பெரிய சிவப்பு விளக்கு

வளைவில் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டும்போது யாரும் முள்ளைப் பார்ப்பதில்லை. 20 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கினால் எரியும்படி இன்னொரு ஸ்விட்ச் போட்டு, கண்ணுக்கு நேராக ஒரு பெரிய விளக்கு வையுங்கள். சூடான ஐடிலில் அது எரியலாம், பயப்பட வேண்டாம். டிராக்கில் எரிந்தால் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிட வேண்டும்.

3. உங்கள் வண்டியின் வழக்கமான அளவுகளைக் குறித்து வைத்தல்

ரோட்டில் ஓட்ட அனுமதியுள்ள வண்டி என்றால் இதற்கு ஏற்காடு மலைப்பாதையை விடச் சிறந்த இடம் பக்கத்தில் இல்லை. சேலத்திலிருந்து ஏறத்தாழ 1200 மீட்டர் உயரம், 20 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்தில் தண்ணீர் முள் நடுவுக்கு வந்திருக்கும், ஆயில் இன்னும் 60, 65 டிகிரியில் நிற்கும். தண்ணீர் சூடானதை வைத்து இன்ஜின் தயார் என்று நினைப்பது எவ்வளவு தப்பு என்பது அங்கே கண்ணெதிரே தெரியும். ஆயில் 75, 80 டிகிரி தொடும்வரை இன்ஜினை முறுக்கக் கூடாது.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஆயில் சூடு, ஆர்பிஎம், பிரஷர் மூன்றையும் சேர்த்து எழுதட்டும். இது அளவெடுக்கும் பயணம் மட்டும்தான். மலையில் ரேஸ் ஓட்டுபவர்களுக்கு இந்தப் பதிவில் இடமில்லை. எதிரே பஸ் வரும், நடு ரோட்டில் குரங்கு உட்கார்ந்திருக்கும்.

ஆயில் குளிர்ந்திருக்கும்போது பிரஷர் மிக அதிகமாகக் காட்டும். அதை ஆரோக்கியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கெட்டியான ஆயில் போக முடியாமல் அதிகப் பிரஷரை வெளியேற்றும் ரிலீப் வால்வு திறந்து, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்கே திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். சூடான பிறகு 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய கைக்கணக்கு: 5000 ஆர்பிஎம்மில் 50. கம்பெனி மேனுவல் வேறு அளவு சொன்னால் மேனுவலையே நம்புங்கள்.

4. டிராக்கில் முள் சொல்வது

ஒவ்வொரு லேப்பிலும் அதே வளைவில் பிரஷர் விழுந்து, நேர்ப்பாதையில் திரும்ப ஏறினால் சூடு காரணமில்லை. ஆயில் சம்பில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்பின் உறிஞ்சு வாய் காற்றைக் குடிக்கிறது. நல்ல டயரில் பக்கவாட்டு விசை 1 ஜி (அதாவது வண்டியின் எடைக்குச் சமம்) தொட்டால் சம்பில் ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்து நிற்கும். தொடக்கநிலை டிராக் கார்களில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். கூலர் வாங்கி இதைத் தீர்க்க முடியாது, கெட்டி ஆயில் ஊற்றியும் தீர்க்க முடியாது.

முதலில் டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரை ஆயில் இருக்கிறதா பாருங்கள். அதற்கும் மேலே கண்டபடி ஊற்றினால் கிராங்க் அடித்து நுரையாக்கிவிடும். அப்படியும் விழுந்தால் சம்பை இறக்கி, உறிஞ்சு வாயைச் சுற்றித் தடுப்புத் தகடு வெல்டிங் வைக்க வேண்டும். உள்பக்கமாக மட்டும் திறக்கும் சின்னக் கதவு வைத்தால் ஆயில் உள்ளே வரும், வெளியே ஓடாது. தகடு வைத்த பின் உறிஞ்சு வாய்க்கும் சம்பின் அடிக்கும் உள்ள இடைவெளி மாறியிருக்கக் கூடாது. வாயில் ஒரு களிமண் உருண்டையை ஒட்டி, சம்பை மாட்டிக் கழற்றினால் நசுங்கிய தடிமன் சொல்லிவிடும். வெல்டிங் பொறி ஒன்றுகூட உள்ளே மிஞ்சக் கூடாது.

பிரஷர் லேப்புக்கு லேப் மெதுவாக இறங்கி, சூடு ஏறிக்கொண்டே போனால் அது நீர்த்துப்போகும் ஆயில். முள் நடுங்கினால் ஆயிலில் காற்று கலந்திருக்கலாம், அளவைச் சரிபாருங்கள். அதே சூடு, அதே ஆர்பிஎம், ஆனால் மலையில் எழுதி வைத்ததைவிட 10 பிஎஸ்ஐ குறைவு என்றால் பேரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கலாம். டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள்.

5. இப்போது கூலர்

ஆயில் 90 முதல் 120 டிகிரிக்குள் நின்றால் கூலர் தேவையே இல்லை. 130 தாண்டத் தொடங்கினால் போடுங்கள், ஆயில் சூடான பிறகே கூலருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் உள்ளதாக. இல்லாவிட்டால் ஆயில் சூடேறவே நேரமாகும். காற்று நேராக அடிக்கும் இடத்தில், ஹோஸ் வாய் கீழ்நோக்கி வராமல் மாட்டுங்கள்.

போர்வெல் போடும் ரிக் வண்டிகள் நிறைந்த பக்கம் இது, ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துத் தரும் கடைக்குக் குறைவில்லை. ஆனால் சாதாரண ஹைட்ராலிக் ஹோஸ் 100 டிகிரிக்குத்தான் கணக்கு. பிரஷர் தாங்கும், சூடு தாங்காது. 150 டிகிரி தாங்குவதைக் கேட்டு வாங்குங்கள். மாட்டியபின் ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, கூலர் குடித்த அளவுக்கு ஆயில் ஊற்றுங்கள்.

6. வீட்டுக்கு வந்தபின்

ஆயிலை மாற்றும்போது பழைய பில்டரைத் தூக்கி எறியாதீர்கள். பில்டர் கட்டரால் வெட்டுங்கள். ஹாக்சா வேண்டாம், அதன் தூளையே பேரிங் தூள் என்று நினைத்துக் கலங்குவீர்கள். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளை எடுத்து, வைஸில் வைத்துப் பிழிந்து, வெயிலில் பேப்பர் மேல் விரியுங்கள். ஒன்றிரண்டு மினுக்கு இருப்பது சகஜம். நிறைய மின்னினால் காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டாத மினுக்கு பெரும்பாலும் பேரிங் உலோகம். அப்படியானால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சம்பைக் கழற்றி கான்ராட் பேரிங் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.